பழக்கிய சட்டி

மீன்கறிக்கு மறுநாள்தான் ருசி. இந்த ஊருக்கு வந்த பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன். எங்கள் பக்கம் வைத்த குழம்பை அன்றைக்கே தீர்த்துவிடுவோம். இங்கே குடம்புளி போட்டு வைத்த கறியை அதே மண்சட்டியில் மூடி வைத்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் சூடாக்கிச் சாப்பிடுகிறார்கள். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று சொன்னதற்கு நன்றி சார். மலையாளம் பேசிவிடுவேன், எழுத வராது.

என் பெயர் சிவதாணு. வயது ஐம்பத்து நான்கு. ஆரல்வாய்மொழிப் பக்கம் சூளை வைத்திருந்தேன். நாற்கரச் சாலை வந்தபோது சூளை நின்ற இடம் சாலைக்குள் போய்விட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவி வடிவம்மாளையும் சக்கரத்தையும் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தேன். இங்கே மண்சட்டிக்கு மவுசு அதிகம் என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னது பொய்யில்லை.

விழிஞ்ஞம் போகிற வழியில் ஷீஜா என்ற பெண் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையை எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தாள். அவள் புருஷன் ஷாஜிக்குத் துறைமுகத்தில் வேலை. ஷீஜாவின் அம்மா வீடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலையில். அதனால் பாதி மலையாளம் கலந்து தமிழ் பேசுவாள். "நம்ம ஆளுகள் அல்லே அண்ணாச்சி, வந்து இருங்க" என்றாள். ஒரே மகள், ஆதிரா. அப்போது மூன்று வயது. நீங்கள் கேட்பது இந்தக் குழந்தையைப் பற்றித்தான் என்பது எனக்குத் தெரியும். அதற்கு வருகிறேன்.

முதலில் மண்ணைச் சொல்ல வேண்டும். எங்கள் குளத்து மண் வெண்ணெய் மாதிரி. இங்கே லாரியில் வந்த மண்ணில் மணல் ஜாஸ்தி. சட்டி பார்க்க லட்சணமாக இருக்கும். கறி வைத்தால் அடியில் கசியும். பழவங்காடியில் ஒரு கடைக்கு முதல் லோடு போட்டேன். பத்து நாளில் பாதி திரும்பி வந்தது. இரண்டாவது லோடும் அப்படியே.

புதுச் சட்டியை வாங்கியவுடன் அடுப்பில் ஏற்றக் கூடாது. கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, எண்ணெய் தடவிக் காய வைத்து, ஒரு வாரம் பழக்க வேண்டும். இங்கே அதை மயக்குவது என்கிறார்கள். என் சட்டியை ஒரு மாதம் பழக்கியிருந்தால் கசிவு நின்றிருக்கும். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்? "பழக்கின சட்டியா குடுங்க அண்ணாச்சி, எல்லாரும் வாங்கும்" என்று ஷீஜாவே சொன்னாள்.

மூன்றாவது லோடும் திரும்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கட்டிக்கொண்டு எங்கே போவது? ஊரில் என் சூளை இருந்த இடத்தில் பஸ் ஓடுகிறது. வடிவு ஊரிலிருந்து கட்டி வந்த தகரப் பெட்டியின் கயிற்றை மட்டும் அவிழ்க்காமல் வைத்திருந்தாள்.

சொந்தச் சூளை வைப்பதற்கு முன் பூந்தொட்டி செய்கிற ஒரு பட்டறையில் எட்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். தொட்டிக்குப் பளபளப்புப் பூச்சு போடுவோம். ஈயத்திலிருந்து எடுக்கிற சிவப்புப் பொடியையும் சலித்த மணலையும் கரைத்துப் பூசிச் சுட்டால் கண்ணாடி மாதிரி படிந்துவிடும். சொட்டு நீர் கசியாது. படகுக்கு அடியில் அடிக்கிற பெயின்டுக்காக அந்தப் பொடி துறைமுகப் பக்கம் கிடைத்தது. சட்டியின் உட்புறத்தில் பூசினேன். பழக்கிய சட்டி என்று சொல்லி விற்றேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

முதல் சட்டியை ஷீஜாவுக்குச் சும்மா கொடுத்தேன். மூன்றாம் நாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "இது என்ன மாயமாக்கும் அண்ணாச்சி? புளிச்ச கறிக்கு ஒரு மதுரம். ஆதிரா சட்டியை வழிச்சு நக்குதா, கேட்டோ" என்றாள். புளிப்பு பட்டால் ஈயம் இனிக்கும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

ஷீஜாதான் அக்கம்பக்கத்துப் பெண்களிடமெல்லாம் எடுத்துச் சொன்னாள். அந்த ஓணத்துக்கு என் சூளை ஆறவே இல்லை. வடிவு பெட்டியை அவிழ்த்து, புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். அன்று நான் அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

மறு வருஷம் மழையில் ஆதிராவுக்கு வயிற்று வலி தொடங்கியது. பூச்சி மருந்து கொடுத்தார்கள். நானும் பெருங்காயம் உரசிக் கொடுத்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, ஒரு ஆனை செஞ்சு தா" என்று நச்சரிக்கிற குழந்தை, வந்த இடத்திலேயே சுருண்டு படுக்க ஆரம்பித்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. சோறு இறங்கவில்லை. மீன்கறி இருந்தால் மட்டும் இரண்டு வாய் வாங்குவாள். அதனால் ஷீஜா தினமும் மீன்கறி வைத்தாள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. ஒரு நாள் சமையலறைக்கே போனேன். "சட்டி பழசாயிட்டு ஷீஜா, இதைத் தா, வடிவு சமைக்கிற மாதிரி சட்டி புதுசு ஒண்ணு தாறேன்" என்றேன். வடிவு சமைப்பது பூச்சு இல்லாத சட்டியில். "அய்யோ, வேண்டாம் அண்ணாச்சி. இது எனக்குக் கைராசி" என்று சிரித்தாள். அப்போது சட்டி என் கையில்தான் இருந்தது. கீழே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாற்பது வருஷமாகச் சக்கரம் சுற்றுகிறவன் நான். என் கையிலிருந்து ஒரு சட்டி நழுவி விழுந்தது கிடையாது. கை அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆட்டம் இல்லாமல் திருப்பி அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். காரணத்தைச் சொல்லியிருந்தால் தந்திருப்பாள். சொன்னால் விற்ற சட்டி அத்தனையும் திரும்பி வரும். வடிவு மறுபடி கயிற்றைத் தேட வேண்டும். நான் என்ன செய்ய முடியும் சார்?

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, குழந்தை உடம்பில் ஈயம் இருக்கிறது என்றார்கள். மருந்து கொடுத்து, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் தேடச் சொன்னார்கள். ஷாஜி நேரே என்னிடம் வந்தான். "அண்ணாச்சிக்கு இதெல்லாம் அறியுமே. ஈயம் எங்கேந்து வரும்?" என்று கேட்டான். பழைய பெயின்டில் இருக்கும் என்றேன். அது பொய்யில்லை, பழைய பெயின்டில் ஈயம் உண்டு. அவன் இரண்டு நாள் லீவு போட்டு எல்லா ஜன்னலையும் சுரண்டினான். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன். மேலே நின்று சுரண்டும்போதே அவன் அழுதான், எனக்கும் தாங்கவில்லை. உள்ளே மீன்கறி கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது.

இந்த ஓணம் கழிந்த ஒன்பதாம் நாள் அவளுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு வயது நிறையவில்லை. அதன் பிறகு அதிகாரிகள் வந்து சமையலறைப் பாத்திரங்களைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். சட்டியும் போனது. மறுவாரம் நீங்கள் வந்தீர்கள்.

பூந்தொட்டிப் பட்டறையில் சரசம்மா என்று ஒருத்தி இருந்தாளே, அவளைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். அந்தச் சிவப்புப் பொடியைக் கரைக்கிற வேலை அவளுடையது. கடைசியில் அவளுக்கு மணிக்கட்டு தொங்கிப்போயிற்று, டம்ளரைத் தூக்க முடியாது. முதலாளி எங்களை எல்லாம் கூப்பிட்டு, இது பூந்தொட்டிக்கு மட்டும்தான், சாப்பாட்டுப் பாத்திரத்தில் படவே கூடாது என்றார். நானும் கேட்டேன். அது அவருடைய பட்டறை. அவருக்கு நல்ல மண் இருந்தது, போக இடமும் இருந்தது.

மற்ற சட்டிகள் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. ஷீஜாவுக்குத் தெரியும். அவள் இப்போது யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள்.

ஆதிராவின் சாவுக்கு என் சட்டிதான் காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரிந்தே செய்தேன் என்று உங்கள் அறிக்கையில் நீங்கள் எழுதியிருக்கிற வரியை மட்டும் அடித்துவிட வேண்டும். விஷம் என்று மனசார நம்பியிருந்தால் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்த குழந்தைக்குக் கொடுத்திருப்பேனா?

வடிவு உங்களிடம் சொன்னது உண்மைதான். பூச்சு போட்டுச் சுட்ட முதல் சூளையைப் பிரித்த அன்று, அவளும் தனக்கென்று ஒரு சட்டி எடுத்து, புளி கரைத்து ஊற்றி அடுப்பில் வைத்தாள். நான் போய் இறக்கினேன். அது உடைந்துபோயிற்று. கை நழுவிவிட்டது சார், அவ்வளவுதான்.