ஒரு செபத்துக்கு ஐந்து வினாடி

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். எந்த நடத்துநரைக் கேட்டாலும் முக்கால் மணி என்பார். அவர் பொய் சொல்வதாக யாரும் நினைப்பதில்லை. ஆளை ஏற்றி உட்கார வைக்க அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இதை முதலில் குறித்துக்கொள்ளலாம்.

சிதம்பரத்தில் டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கிளினிக். டாக்டர் சேரன் அதற்கு 'சர்வதேச நரம்பியல் ஆராய்ச்சி மையம்' என்று பலகை மாட்டியிருந்தார். சர்வதேசத்துக்கு லிஃப்ட் கிடையாது. வலிப்புக்காரப் பிள்ளைகளைத் தாய்மார்கள் இடுப்பில் சுமந்துகொண்டு ஏறுவார்கள். 2009-ல் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் புது வலிப்பு மருந்தைச் சோதிக்க எங்களைப் பிடித்தது. லட்சத்தில் ஓரிரு பிள்ளைகளுக்கு வருகிற, எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு அது. பன்னிரண்டு பிள்ளைகளை ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவன் நான். டாக்டர் மாநாட்டுக்குக் கோட்டு தைக்கக் கொடுத்தார்.

ஒவ்வொரு வலிப்பும் எவ்வளவு நேரம் நீடித்தது என்று தாய் குறிக்க வேண்டும். நான் படிவத்தில் ஏற்ற வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், எங்களுக்கும் சொல்ல வேண்டும். அத்தோடு அந்தப் பிள்ளைக்கு மருந்து நிறுத்தப்படும். மருந்தால் ஒரு பிள்ளை விலகினாலும் எங்கள் மையத்தை மூடிவிடுவார்கள்.

எல்லாத் தாய்மாருக்கும் கைக்கடிகாரம் கொடுத்தோம். கடலூர் முதுநகர் ரோசி மட்டும் கட்டவில்லை.

"புள்ளைய ஒருக்களிச்சுப் புடிக்கவே ரெண்டு கை பத்தல. வாட்ச எங்க சார் பாக்குறது?" என்றாள்.

மகள் ஆரோக்கிய ஜெனிபருக்கு ஏழு வயது. வலிப்பு தொடங்கியதும் ரோசி 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பிப்பாள். கையில் சுற்றிய செபமாலையில் கட்டைவிரல் தன்னால் மணி தள்ளும். நின்றதும் எத்தனை செபம் ஆயிற்று என்று டெய்லி காலண்டர் தாளில் எழுதுவாள். எட்டு. பன்னிரண்டு. ஆறு. கம்பெனி அனுப்பிய நூற்று நாற்பது பக்க விதிமுறையில் இதற்கு வழி இல்லை.

நான் நாணயமான ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுநகர் மாதா கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு செபத்துக்குப் பதின்மூன்று வினாடி. நான்கு மாதம் பதின்மூன்றால் பெருக்கித்தான் எழுதினேன்.

ஐந்தாம் மாதம் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். காடாம்புலியூர் பொன்னியின் மகன், ஒரு நாளைக்கு முப்பது தடவை வலிப்பில் விழுந்தவன், மூன்று தடவைதான் விழுந்தான். ஜெனிபருக்கு நேர்மாறு. ரோசியின் தாளில் இருபத்தெட்டு என்று இருந்தது. பெருக்கினேன். ஆறு நிமிடம் நான்கு வினாடி.

ஒருத்திக்காகப் பதினோரு பிள்ளைகளிடமிருந்து மருந்தைப் பிடுங்குவதா என்று ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தேன். பயந்துபோன பொம்பளை செபத்தை வேகமாகத்தானே சொல்வாள். ஐந்து வினாடி என்று வைத்தேன். இரண்டு நிமிடம் இருபது வினாடி வந்தது. டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் கோட்டு சரிபார்க்கும் வாரம்.

ரோசி வந்தாள்.

"மருந்து சேரல போலருக்கு சார். நிறுத்திடட்டா?"

படிவத்தைக் காட்டினேன். "பாரும்மா. மூணு நிமிஷங்கூட ஆகல."

"அவ்ளோதானா? எனக்கு ரொம்ப நேரமாத் தெரியுதே."

"பெத்தவளுக்கு அப்படித்தான் தெரியும்."

தலையாட்டிவிட்டு மாடிப்படியில் பாதி இறங்கியவள் திரும்பி வந்தாள். "அஞ்சு நிமிஷம்னா எத்தனை செபம் சார்? அது வந்தா தூக்கிட்டு ஓடணுமில்ல."

ஒருமுறை வைத்த கணக்கை மாற்றினால் குழப்பம்தான். அறுபது என்றேன். அவள் விரல்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் தனியாக வந்தாள். இடுப்பில் பிள்ளை இல்லாததால் படியேறி மூச்சு வாங்கவில்லை. அடக்கம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மேஜைமேல் ஒரு காலண்டர் தாளை வைத்தாள். ஐம்பத்து மூன்று. மாலையில் உள்ள அத்தனை மணியும்.

"தூக்கிட்டு ஓடலாம்னு எங்க வூட்டுக்காரரு வாசல் நிலையில தலைய முட்டிக்கிட்டாரு. நாந்தான் இருங்கன்னு புடிச்சு நிறுத்துனேன்," என்றாள். "நீங்க சொன்ன மாதிரியே எண்ணுனேன் சார். அறுபது வரல."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். ஐம்பத்து மூன்றை ஐந்தால் பெருக்கி, நான்கு நிமிடம் இருபத்தைந்து வினாடி என்று ஏற்றினேன். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதினேன். மையம் மூடப்படவில்லை. பொன்னியின் மகன் பள்ளிக்கூடம் போகிறான். வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

ஐந்து வினாடி என்பது நடக்காத காரியம் என்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. வீட்டில் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு தினமும் சொல்லிப் பார்க்கிறேன். ஐந்து வினாடியில் முடிகிறது. பாதியில் நிறுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.