கடிகாரத்தில் அண்ணன் போட்ட தேதி

இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

என் பெயர் பள்ளி அடையாள அட்டையில் உள்ளபடி. அட்டையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். வயது பதினைந்து. பழைய கணினிகள் வாங்கி விற்கும் எங்கள் கடையின் மேல்மாடியில் அம்மாவுடனும் அண்ணனுடனும் குடியிருக்கிறேன். நீங்கள் பிடித்து வைத்திருப்பவர் என் அண்ணன். ஸ்டேஷன் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று அம்மா சொல்லியிருப்பதால், அம்மா தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

சென்ற சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் ஒரு பழைய சர்வர் கணினியைக் கடையில் இறக்கினார். யாருடையது என்று அண்ணன் கேட்டதற்கு, ஏலத்தில் மொத்தமாக எடுத்ததில் ஒன்று, தனக்குத் தெரியாது என்றார். அதன் பின் அண்ணன் திரையையும் விசைப்பலகையையும் மாட்டி மின்சாரம் கொடுத்தார். திரை பாஸ்வேர்டு கேட்டது. வழக்கமாகப் போட்டுப் பார்ப்பவை ஒன்றும் எடுபடவில்லை. “வாயத் திறக்கிறானா பாரு, பிடிவாதத்துல எனக்கே அண்ணன் இவன்” என்றார். எனக்கு ஒரு அண்ணனே தாங்கவில்லை என்று நான் சொன்னேன், சிரித்தார்.

அதன் பின் மூடியைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். உள்ளே பலகையில் இருந்த ஜம்பர் என்ற சின்ன இணைப்பானை இடம் மாற்றி, காசு வடிவத்தில் இருந்த தீர்ந்துபோன பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியது போட்டார். பாஸ்வேர்டு தெரியாமல் வரும் இயந்திரத்துக்கு எல்லாக் கடைகளிலும் இதைத்தான் செய்வார்கள். பேட்டரியை எடுத்தால் அதற்கு நாள் மறந்துவிடும். தேதியை நாம்தான் கொடுக்க வேண்டும். அண்ணன் கொடுத்தது அன்றைய தேதி அல்ல, இரண்டு வருடத்துக்கு முன் அப்பா இறந்த நாள். ஏன் என்று கேட்டேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

அதன் பின் மீட்பு முறையில் இயக்கி, புதிய பாஸ்வேர்டு வைத்து உள்ளே போனார். திரையில் முதலில் வந்தது ஒரு மருத்துவமனையின் பெயர். அப்பா இறந்தது அங்கேதான். அது அந்த மருத்துவமனையின் சர்வர் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பாவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லி அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“பாத்தா மட்டும் திரும்பி வந்துருவாரா, பாப்பா?”

அதன் பின் எதையும் திறக்காமல் அணைத்துவிட்டார். தேதியை மாற்றவில்லை. நோயாளிகள் விவரம் தெருவில் அலையக் கூடாது என்று சொல்லி, திங்கட்கிழமை அவரே அதை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் மருத்துவமனையில் ஒப்படைத்தார். புகார் கொடுத்தது அவர்கள்தான்.

அப்பா இறந்த அன்றே அண்ணன் ஆத்திரத்தில் அந்த சர்வருக்குள் நுழைந்து விவரங்களை எடுத்தார் என்றும், அதில் பதிவான தேதியே சாட்சி என்றும் நீங்கள் சொன்னதாக அம்மா சொன்னார். அன்று அண்ணன் அப்பாவின் செருப்பைப் பையில் போட்டு வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பிணவறை வாசலில் நின்றார். அழவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று அத்தை சொன்னது என் காதில் விழுந்தது.

யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதை சர்வர் நடந்த வரிசையிலேயே வரி வரியாகப் பதிந்து வைக்கும். அந்தத் தேதி உள்ள வரிக்கு மேலே உள்ள வரிகளையும் பாருங்கள் ஐயா. அவற்றில் இந்த வருடத் தேதிகள் இருக்கும். அவற்றுக்குக் கீழே இரண்டு வருடம் பழைய தேதி எப்படி வரும் என்று விவரம் தெரிந்த யாரையாவது கேளுங்கள்.

அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டு அந்தத் தேதியைப் பற்றி நீங்கள் கேட்டபோது அண்ணன் ஏன் பதில் சொல்லவில்லை என்பது இன்று சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது. கடையில் விற்காமல் இருக்கும் மற்ற சர்வர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அண்ணன் கை வைத்த முதல் வரியில் எல்லாவற்றிலும் அப்பா இறந்த அதே தேதி இருக்கிறது. அடுத்த வரியில் சரியான தேதி. நான் எதையும் அழிக்கவில்லை. வந்து பாருங்கள். அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து வாருங்கள். அண்ணன் தேறிவிட்டான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இதில் உள்ளவை நான் கண்ணால் பார்த்தவையும் காதால் கேட்டவையும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. அத்தனையும் உண்மை.

கையொப்பம்,
தங்கை