இரண்டாம் வயலினின் எட்டு வட்டம்

இன்ஸ்பெக்டர் ஐயா, தேநீருக்கு நன்றி. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம் என்றீர்கள், அது வசதியாக இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் மட்டும் பொறாமை என்று போட்டுவிடாதீர்கள். கிருஷாந்தி ஒரு பிழையான கருத்தைச் சொன்னாள். அதை மேடையிலும் சொல்ல இருந்தாள். அவ்வளவுதான்.

என் பெயர் கோசலா. ஹட்டன் பஜாரில் எங்களுக்குப் புடவைக்கடை இருக்கிறது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மேலைத்தேய இசை வாசிக்கிறோம். பதினொரு வருடம் முதல் வயலின் நான்தான். போன வருடம் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கிருஷாந்தி வந்தாள். கொழுந்தெடுக்கும் அம்மாக்கண்ணுவின் மகள். அவள் வாசித்ததைக் கேட்ட அன்றே, குழுவை நடத்தும் நிரோஷன் என்னை இரண்டாம் வயலினுக்கு மாற்றினார். நாற்காலியை நானே தூக்கி நகர்த்திப் போட்டேன். வயிறு எரிந்தது உண்மை. எரிந்த வயிற்றோடு ஒரு வருடம் ஒழுங்காக வாசித்தேன் என்பதும் உண்மை.

இந்த முறை நாங்கள் எடுத்தது ஒரு பழைய மினுவெட். மும்மூன்றாக எண்ணி ஆடும் நடனத்துக்கான இசை. முதற்பகுதி முழுக்க மெட்டு முதல் வயலினுக்கு. நாங்கள் அடியில் தாங்கிக்கொண்டிருப்போம். நடுவில் ட்ரியோ என்று அமைதியான ஒரு பகுதி வரும். அங்கே எட்டுத் தாள வட்டத்துக்கு மெட்டு இரண்டாம் வயலினிடம் வரும். பிறகு எல்லாம் தொடக்கத்துக்கே திரும்பிவிடும். அந்த எட்டு வட்டம்தான் எனக்கு மிஞ்சியது. சமைக்கும்போதும் அதையே முணுமுணுப்பேன்.

வியாழக்கிழமை ஒத்திகைக்கு அவள் இசைத்தாளில் பென்சில் கோடுகள் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இங்க பாருங்க. ட்ரியோவுல நீங்க வாசிக்கிறது தனி மெட்டு இல்லீங்க. என்னோடதையே தலைகீழா போட்டிருக்காங்க. நான் ஏறுற எடத்துல நீங்க எறங்குறீங்க. எம்புட்டு அழகா இருக்கு! ஞாயித்துக்கெழம வாசிக்க முன்னுக்கு இத சனங்களுக்குச் சொல்லட்டுங்களா?"

நிரோஷன் கைதட்டினார். "அப்ப கோசலாவும் கிருஷாந்தியத்தான் வாசிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அவள் வீட்டுக்குப் போனேன். மேடையில் உடுத்த எங்கள் கடையிலிருந்து ஒரு பச்சைச் சேலை கொண்டுபோனேன். அம்மாக்கண்ணு கையைப் பிடித்துக்கொண்டார்.

"குறுக்குப் பாதையில போயிராதீங்கம்மா. தேயிலைக்குள்ள கொளவி கூடு கட்டியிருக்கு. வேலைய மேற்பார்வ பாக்குற கண்டாக்கு பாத தொடங்குற எடத்துல செவப்புத் துணி கட்டிவிட்டிருக்காரு. எங்க கிருஷாந்தி பாப்பாவுக்கு ஒண்ணு கொட்டினாலே மூச்சு நின்னுரும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க."

கூட்டை எரித்த பிறகுதான் அந்தத் துணியை அவிழ்ப்பார்களாம். துணி இல்லையென்றால் பயமில்லாமல் நடக்கலாம். தோட்டத்தில் எல்லோரும் அதைத்தான் நம்புகிறார்கள்.

திரும்பும்போது துணியை அவிழ்த்துக் கைப்பைக்குள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த மலையில் கொழுந்தெடுப்பு இல்லை என்று கேட்டு வைத்திருந்தேன். மற்றவர்களுக்குக் கேடு வரக்கூடாது. காலையில் அவளுக்கு அழைப்பெடுத்து, ஒத்திகையை ஒரு மணித்தியாலம் முந்தி வைத்திருக்கிறோம், ஓடிவா என்றேன். "இந்தா வந்துட்டேங்க்கா" என்றாள். அவசரமென்றால் பஸ் ரோட்டுக்கு அந்தக் குறுக்குப் பாதைதான். ஒடுக்கமான பாதை அது. வயலின் பெட்டியோடு போகிறவர்கள் செடியில் உரசாமல் போக முடியாது.

பஸ் ரோட்டுக்கு ஐம்பது அடி இருக்கும்போது விழுந்திருக்கிறாள். வயலினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாக்கண்ணு அந்தப் பச்சைச் சேலையைத்தான் அவள்மேல் போர்த்தினார். நல்ல சேலை அது. சிவப்புத் துணி என் வயலின் பெட்டிக்குள் இருக்கிறது. துவைத்து, தூசு துடைக்க வைத்திருந்தேன். எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே நான் எழுதியதில் ஓரிடத்தைத் திருத்த வேண்டும். அவள் சொன்னதைப் பிழை என்று எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம், அவளுடைய தாளையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சுரமாகச் சரிபார்த்தேன். எட்டு வட்டத்திலும் ஒரு சுரம்கூடத் தவறவில்லை. அவள் சொன்னது சரி.

துணியை நான் அவிழ்த்தது அதற்கு மறுநாள்.