பன்னிரண்டு வோல்ட்

டாக்டர், பொம்மை ரயில் என்று சொன்னால் என் அண்ணனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மாதிரி ரயில் என்று சொல்லவேண்டும். உங்கள் நோயாளிதானே, நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

விஷயம் எளிது. உள்ளங்கையில் அடங்கும் சின்ன இன்ஜினுக்குப் பன்னிரண்டு வோல்ட் போதும். முழங்கை நீளப் பெரிய இன்ஜினுக்குப் பதினெட்டு வேண்டும். எங்கள் மாடி அறையில் இரண்டுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே குமிழ். பெரியதற்கு வைத்த மின்சாரம் சின்னதற்குப் போனால் மோட்டார் கருகிவிடும். அதனால் அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். குமிழைத் திருப்பியதும் "பன்னெண்டு" என்று உரக்கச் சொல்வார். நானும் "பன்னெண்டு" என்று திருப்பிச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்விட்ச்.

என் வேலை அவ்வளவுதான். அதோடு தடம்புரண்ட பெட்டிகளைத் தூக்கி வைப்பேன். எனக்குத் தலை நரைத்த பிறகும், "குமிழ்ல கை வைக்காதடா, நீ பதட்டக்காரன்" என்பார். எனக்குப் பதட்டமே கிடையாது. இதோ பாருங்கள், கை நடுங்குகிறதா?

ஒருநாள் பன்னிரண்டு சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடி எடுக்கக் கீழே போனார். நான் குமிழைப் பதினெட்டுக்குத் திருப்பினேன். வந்தார், ஸ்விட்சைப் போட்டார். அவர் உயிரையே வைத்திருந்த சின்னப் பச்சை இன்ஜின் முதல் வளைவிலேயே புகைந்து நின்றது.

"பன்னெண்டுன்னுதானடா சொன்னேன்?"

"இல்லண்ணா, பதினெட்டுன்னீங்க. நானும் பதினெட்டுன்னேனே."

அவர் நம்பிவிட்டார். எனக்கே ஆச்சரியம். நாலு திட்டு திட்டியிருந்தால் அன்றோடு விட்டிருப்பேன்.

அப்புறம் கை பழகிவிட்டது. அவர் அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைப்பேன். ஆணியில் மாட்டிய சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைப்பேன். அண்ணி அரண்டுபோனார். "உங்க அண்ணனுக்கு என்னமோ ஆகுதுப்பா" என்று என்னிடம்தான் வந்து அழுதார். உங்கள் மறதிநோய் இல்லத்தில் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னவனும் நான்தான். காரில் வரும்போது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கடா" என்றார். பாவமாகத்தான் இருந்தது.

ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை என்கிறீர்கள். இருக்காது. அவர் எதையுமே மறந்ததில்லை, எல்லாம் நான் செய்ததுதான். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணனை வீட்டுக்கும் தாராளமாக அனுப்புங்கள். ரயில் அறையைப் பளிச்சென்று வைத்திருக்கிறேன். நான் ஓட்டத் தொடங்கியதிலிருந்து ஓர் இன்ஜின்கூடக் கருகவில்லை. அண்ணன் வந்து ஆசைதீரப் பார்க்கட்டும், தடம்புரண்ட பெட்டிகளைத் தூக்கி வைக்கட்டும். குமிழை மட்டும் தரமாட்டேன். இவ்வளவு மறதி உள்ள மனிதரை நம்பி எப்படி டாக்டர் கொடுப்பது?