நாலாம் பக்கத்துப் பூட்டுக்கடை

...நீங்களே சொல்லுங்க சார், நாலாம் பக்கத்துக்கு எவனாவது போவானா? உக்காருங்க, உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், ஆனா விழாது. பெட்டிய இப்படி மேசை மேல வைங்க... அப்பப்பா, என்ன கனம்! எங்க வீட்டுக்காரரு வந்துடுவாரு சார். பக்கத்துத் தெருவுல ஒரு டாக்டரம்மா வீட்டு பீரோ திறக்க மாட்டேங்குதாம், போயிருக்காரு. இதோ வந்துடுவாரு. பீரோ அடம்புடிச்சா கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்.

என்னது, சாயங்காலம் வண்டியா? டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பெட்டிக்குள்ளயா? அட, கவலைய விடுங்க. இவரு கை வெச்சா பெட்டி தானா வாயத் திறக்கும். கை வைக்க ஆளு வரணும், அவ்ளோதான்.

ஆங், எங்க விட்டேன்... நாலாம் பக்கம். நெட்ல 'பூட்டு ரிப்பேர்'னு அடிச்சுப் பாருங்க சார். மொதல்ல யாரு வர்றான்? எதிர்க்கடைக்காரன். அதோ போர்டுல ஈன்னு சிரிச்சுட்டு நிக்கறாரே, பல்லுக்காரரு, அவரேதான். நாங்க எங்க? நாலாம் பக்கத்துல, கீழ, ஒரு குதிரை லாயத்துக்கும் செத்துப்போன ஏதோ கம்பெனிக்கும் நடுவுல. நம்ம வாசல்லயே வண்டிய நிறுத்திட்டு, போனப் பாத்து, ரோட்டத் தாண்டி அந்தாளு கடைக்குப் போறாங்க சார்! வயிறு எரியுமா எரியாதா?

அதுக்குத்தான் நான் படிச்சேன். ஆமா சார், நானேதான். எஸ்.இ.ஓ.ன்னு பேரு. தேடறவன் கண்ணுல நம்ம கடைய முன்னாடி கொண்டுபோய் நிறுத்தற வித்தை. ஆன்லைன்ல ஒருத்தரு பாடம் நடத்தறாரு. எப்பப் பாத்தாலும் டை கட்டிட்டு இருப்பாரு, அதனால டை மாஸ்டர்னு பேரு வெச்சுட்டேன். மனுஷன் கீழ லுங்கி கட்டிருக்காரோ என்னவோ, மேல மட்டும் டை.

நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாரு, பொய் சொல்லக் கூடாது. இவருதான் கெடுத்தாரு. வெப்சைட்டு ஆரம்பிச்சப்போ நெஞ்ச நிமித்திக்கிட்டு, 'எழுதுடி, நவீனப் பாதுகாப்புத் தீர்வுகளின் நம்பகமான இல்லம்'னாரு. நானும் பெருசா எழுதிட்டேன். டை மாஸ்டர் ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க... 'சாவி இல்லாம வாசல்ல நிக்கறவன் என்னன்னு அடிச்சுத் தேடுவான்?' யோசிங்க சார். குப்பை கொட்ட வெளிய வந்தான், உள்ள அடுப்புல குக்கரு, கதவு படார்னு சாத்திக்கிச்சு. அவன் 'நவீனப் பாதுகாப்புத் தீர்வுகள்'னா அடிப்பான்? 'ஐயோ கதவு பூட்டிக்கிச்சு'ன்னு அடிப்பான்! அவன் வாய்ல வர்ற வார்த்தை நம்ம வெப்சைட்டுல இருக்கணுமாம். இத இவரு கிட்டச் சொன்னா, 'கடைப் பேரு ஐயோன்னா இருக்கணும்?'ங்கறாரு.

சரி, ஜனங்க வார்த்தைதானே வேணும், இந்தான்னு அள்ளிக் கொட்டினேன். 'எங்கள் பூட்டு சாவி கடையில் உங்கள் பூட்டு சாவி வேலைகளைப் பூட்டு சாவி அனுபவமுள்ளவர்...' இவரு படிச்சுட்டு, 'என்னடி, ரெக்கார்டு ஊசி மாட்டிக்கிச்சா?'ன்னாரு. அப்படித் திணிச்சா நெட்ல தேடிக் குடுக்கற மெஷினுக்குக் கோவம் வருமாம் சார். அதுவரைக்கும் மூணாம் பக்கத்துல இருந்தோம். பேராசப்பட்டு நாலுக்குப் போனோம். எனக்கு ராத்திரி சோறு எறங்கல.

இருங்க சார், என்ன போன நீட்டறீங்க? சிக்னல் எல்லாம் இங்க நல்லாத்தான் இருக்கும். கேளுங்க கதைய.

போட்டோ போட்டா போதாதாம், பக்கத்துலயே அது என்ன போட்டோன்னு எழுதணுமாம். மெஷினுக்குக் கண்ணு கிடையாதுல்ல. எழுத்தப் படிச்சுத்தான் புரிஞ்சுக்கும். நான் கடை வாசல்ல நிக்கற மாதிரி ஒண்ணு போட்டேன். அதுக்கு என்ன எழுதறது... 'நான் ஒல்லியாக இருந்தபோது'ன்னு எழுதிட்டேன். உண்மைதானே சார்? அடுத்த நாளு பாத்தா கூட்டம்னா கூட்டம், சைட்டுக்குள்ள! நான் துள்ளிக் குதிச்சேன். பூட்டுக்கு வந்த கூட்டம் இல்ல சார். ஒல்லியாகறது எப்படின்னு தேடிட்டு வந்த கூட்டம். ஒருத்தி என் நம்பருக்கே போன் பண்ணி 'அக்கா, ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?'ங்கறா. பூட்டு ஏதாவது வேணுமான்னு கேட்டேன். பிரிட்ஜுக்குப் போடற பூட்டு இருக்கான்னா!

சிரிக்காதீங்க. அட, நீங்க சிரிக்கலயா? ஏன் சார் மணியையே பாக்கறீங்க? அந்தக் கடியாரம் ரொம்ப முன்னால ஓடும். நம்பாதீங்க.

அப்புறம் இந்த ஸ்டாரு சமாச்சாரம். வாடிக்கையாளருங்க ஸ்டாரு குடுத்து நாலு நல்ல வார்த்தை எழுதினா கடை மேல ஏறும். நான் என்ன பண்ணினேன், சொந்தக்காரங்க எல்லாரையும் ஒரே நாள்ல போட வெச்சேன். பெரிய மாமா, சின்ன மாமா, சித்தி, எல்லாரும் அஞ்சு ஸ்டாரு. எங்க மாமியாரு மட்டும் ஒண்ணு! ஒத்த ஸ்டாரு! எனக்கு உச்சந்தலை சுர்ருனுச்சு. 'ஏன் அத்த இப்படிப் பண்ணீங்க?'ன்னு கேட்டா, 'எம் மவன் கடை ஒண்ணாவதா வரணும்னு ஒண்ணு குடுத்தேன். அஞ்சாவதா வரட்டும்னு அஞ்சு குடுத்தாங்களே உங்க சித்தி, அவங்களப் போய்க் கேளு'ங்கறாங்க. என்னத்தச் சொல்ல! அதுக்குக் கீழ 'பூட்டுப் பரவால்ல, மருமக பேச்சு ஜாஸ்தி'ன்னு வேற எழுதிருக்காங்க. இன்னும் அது அங்கயேதான் இருக்கு சார், ஊருக்கே தெரியற மாதிரி.

நாத்தனார் ஒருத்தி இருக்கா. சமையல் சைட்டு வெச்சிருக்கா, ஏகப்பட்ட பேரு பாக்கறாங்க. பெரிய சைட்டுலேருந்து நம்ம சைட்டுக்கு ஒரு இணைப்புக் குடுத்தா நமக்கு மதிப்பு கூடுமாம். நாலு பேருக்குத் தெரிஞ்ச பெரிய மனுஷன் நம்மள 'வாங்க'ன்னு கூப்பிடற மாதிரி. சரின்னு வெக்கத்த விட்டுக் கேட்டேன். குடுத்தா. எப்படிக் குடுத்தா? 'எங்கள் அண்ணிக்குப் பொழுது போகவில்லை, முடிந்தால் ஒரு எட்டுப் பாருங்கள்'னு! அத யாரு சார் அமுக்குவா?

எல்லாத்துக்கும் மேல என் முட்டாத்தனம் ஒண்ணு இருக்கு. தெனமும் காலைல என் போன்ல எங்க கடையத் தேடுவேன். மொத ஆளா வந்து நிக்கும்! நானும் வீடு முழுக்கத் தம்பட்டம் அடிச்சேன். நாத்தனார் அவ போன்ல தேடறா, காணவே காணோம். அப்புறம்தான் டை மாஸ்டர் சொல்றாரு, நீ எதத் தெனம் போய்ப் பாக்கறியோ அத உனக்கு மட்டும் முன்னாடி காட்டுமாம். எனக்கு நானே மொத இடம் குடுத்துட்டு இருந்திருக்கேன் சார். மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?

இந்தத் தடவ நெசமாவே ஆபத்து. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரே ஒரு ஆளு, 'நெட்ல பாத்துட்டு வந்தேன்'னு வாயால சொல்லிட்டு இந்தக் கடைக்குள்ள வரணும், இல்லன்னா சைட்டுக்கு மூடுவிழான்னுட்டாரு இவரு. கடையையும் மூடிட்டு பல்லுக்காரரு கிட்டயே வேலைக்குப் போறாராம். அவரும் எப்பப் பாத்தாலும் கூப்பிட்டுட்டே இருக்காரு. அந்தாளு பல்லு படம் போட்ட சட்டையப் போட்டுட்டு இவரு நிக்கணும், நான் அதத் தொவைக்கணும். அப்புறம் இந்தக் கடை ஏது, இந்த மூலை ஏது, இந்தக் கம்ப்யூட்டர் ஏது? வீட்டுல மாமியாரு மூஞ்சிக்கு நேரா உக்காந்து வெங்காயம் உரிக்கணும். சொன்னா நம்ப மாட்டீங்க, இந்த மூலைக்கு வந்தப்புறம்தான் எனக்குக் காலைல எந்திரிக்கவே புடிக்குது. இது போச்சுன்னா நான் அழுதுடுவேன் சார். நெசமாச் சொல்றேன்.

வர்றவங்க கிட்டல்லாம் ஆசையாக் கேப்பேன், 'நெட்ல பாத்தீங்களா, நெட்ல பாத்தீங்களா'ன்னு. எல்லாரும் 'போர்டப் பாத்தோம், மழைக்கு ஒதுங்கினோம்'ங்கறாங்க. அலுத்துப்போயி இப்பல்லாம் கேக்கறதே இல்ல. உங்களையும் கேக்கல பாருங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, போர்டப் பாத்து உள்ள நுழைஞ்ச ஆளுன்னு.

இருங்க சார், ஒரு நிமிஷம், முடிச்சுடறேன். டை மாஸ்டர் கடைசியா ஒரு பிரம்மாஸ்திரம் குடுத்தாரு. 'உங்க தொழில்ல ஜனங்களுக்கு என்ன சந்தேகம் வருமோ அதுக்குப் பதில் எழுதுங்க. படிக்க வர்றவன் அப்புறம் கடைக்கும் வருவான்.' நான் இவரு கிட்டப் போயி, சாவி இல்லாமத் திறக்கறது எப்படின்னு சொல்லுங்க, எழுதறேன்னேன். 'தொழில் ரகசியத்தச் சொல்லிட்டா நான் என்ன தெருவுல நிக்கறதா?'ன்னு ஒரே கத்து. சொல்லாட்டிப் போங்களேன், எனக்கா எழுதத் தெரியாதுன்னு நானே ஒரு பக்கம் எழுதிப் போட்டுட்டேன். இவருக்கு இன்னும் தெரியாது. அது மட்டும் சார், ஜிவ்வுனு ஏறிடுச்சு! என்ன எழுதினேன்னா... ஏன் சார் பெட்டிய என் பக்கம் தள்றீங்க? அவரு வந்து பாத்துப்பாரு... சரி, சரி, பாக்கறேன். எங்க, அந்தக் கண்ணாடிய எடுங்க.

என்ன சார் இது, சாவி ஓட்டைக்குள்ள கருப்பா? ஒடிஞ்ச ஹேர்பின்னா? ஐயய்யே! இதப் போயி யாராவது உள்ள விடுவாங்களா? படிச்சவரு மாதிரி இருக்கீங்க! எந்தப் புண்ணியவான் சார் உங்களுக்கு இந்த யோசனையக் குடுத்தது? மூளைய அடமானம் வெச்சவன்கூட இப்படிச் சொல்ல மாட்டான். தெரியலன்னா தெரியலன்னு வாய மூடிட்டு இருக்கணும். அடுத்தவன் பெட்டிதானே, நாசமாப் போகட்டும்னு சொல்லிருக்கான். அவன் மட்டும் என் கைல கெடைக்கட்டும், இந்த நாற்காலில உக்கார வெச்சு...

என்ன, போனப் பாக்கணுமா? குடுங்க. தொணதொணன்னு அப்பலேருந்து நீட்டறீங்க.

இது... இந்த மஞ்சக் கலரு... எங்க சைட்டாச்சே...

'காதைப் பெட்டியின் மேல் வைத்துக்கொள்ளவும். டிக் என்று சத்தம் வரும்வரை கொண்டை ஊசியை அழுத்தித் திருப்பவும். பயப்பட வேண்டாம்.'

ஐயையோ.

சார், அது... சினிமால எல்லாம் அப்படித்தானே சார் திறக்கறாங்க? அத நான் கொஞ்சம் விளக்கமா... எனக்கு ஊறுகா பாட்டில் மூடியே திறக்க வராது சார், சத்தியமா. நெசமாவே ஒருத்தரு செஞ்சு பாப்பாருன்னு நான் கனவா கண்டேன்?

இருங்க... இருங்க இருங்க. அப்ப நீங்க நெட்ல பாத்துட்டா வந்தீங்க? எங்க கடைக்கா? 'திறக்கவில்லை என்றால் எங்கள் கடைக்கு வரவும்'னு கீழ போட்டிருந்தேனே, அதப் பாத்துட்டா? அடி சக்க! டை மாஸ்டரு, நீ நல்லா இருக்கணும்யா! சார், எத்தனாவதா வந்துச்சு? மொத ஆளாவா? பல்லுக்காரருக்கு மேலயா? ஐயோ, நான் எங்க போய்ச் சொல்வேன்!

சார்... இல்ல, அண்ணே. கூடப்பொறந்தவன் மாதிரிக் கேக்கறேன் அண்ணே. அவரு இப்ப வந்துடுவாரு. வந்ததும் 'நெட்ல பாத்துட்டு வந்தேன்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எந்தப் பக்கத்தப் பாத்தீங்கன்னு வேணாம். அந்தப் பின்னு எப்படிப் போச்சுன்னு கேட்டா... கொழந்தை விட்டுடுச்சுன்னு சொல்லுங்க. கொழந்தை இல்லயா? அக்கா கொழந்தை? அதுவும் இல்லயா? யாரு கொழந்தையா இருந்தா என்ன அண்ணே, சொல்றதுல என்ன கொறஞ்சு போயிடும்!

ஏன் எந்திரிக்கறீங்க? கோவமா? கோவம் இருக்கத்தான் செய்யும், நான் இல்லன்னா சொன்னேன்? திட்டுங்க, நாலு வார்த்தை நல்லாத் திட்டிட்டு உக்காருங்க. பெட்டிய ஏன் தூக்கறீங்க? கனம் அண்ணே, கைய ஒடிச்சுக்காதீங்க! வண்டி எங்கயும் போயிடாது! வாசப்படி, வாசப்படி... பாத்து...

அண்ணே! அந்தப் பக்கம் போகாதீங்க! அங்க வேணாம் அண்ணே, எங்க வேணா போங்க, அங்க மட்டும் வேணாம்! ரோட்டத் தாண்டாதீங்க... தாண்டிட்டாரு. போயிட்டாரு. பல்லுக்காரரு கதவத் தொறந்து விடறாரு பாரு, பல்லத் தவிர ஒண்ணும் தெரியல.

ஆங்? ஆ... வந்துட்டீங்களா? பீரோ திறந்துச்சா? இல்ல, ஒண்ணுமில்லயே, மூஞ்சி எப்பவும் போலத்தான் இருக்கு. யாரு? பெட்டி எடுத்துட்டுப் போறவரா?

அவரா... நெட்ல எதிர்க்கடையப் பாத்துட்டு வந்தவராம். கடை மாறி நம்ம கடைக்குள்ள நுழைஞ்சுட்டாரு. நான்தான் வழி காட்டி அனுப்பினேன்.