ஏணையிலிருந்து தூக்கிய கை

ஓடுகிறோம். வரப்பு வழுக்குகிறது. என் இடுப்பில் மகள் செல்வி. முன்னால் பிமல். பின்னால் கூச்சல்.

"புள்ள புடிக்கிறவன வுடாதீங்க!"

முதல் கல் சேற்றில் விழுகிறது. சொத். இரண்டாவது பிமலின் முதுகில். அதற்குச் சத்தமே இல்லை. மோட்டார் கொட்டகைக்குள் அவனைத் தள்ளுகிறேன். கதவைச் சாத்தி, வெளியே அதன்மேல் சாய்ந்து நிற்கிறேன்.

உத்திரமேரூர் ஏரிப் பாசனம். புரட்டாசி நடவு. நான் நடவு ஆள். பிமல் வங்காளத்திலிருந்து வந்த நடவு கோஷ்டியில் ஒருவன். ஊரில் அவர்களை இந்திக்காரன் என்பார்கள். அவன் பேசுவது இந்தியே இல்லை. வந்து எங்கள் வேலையில் பாதியைத் தின்றார்கள் என்ற காந்தல் எங்களுக்கு உண்டு. அன்று ஒரே கழனியில் ஆளுக்கொரு பக்கம் நட்டோம்.

எங்கள் நடவில் ஒரு வழக்கம். வேப்பமரத்தில் புடவையால் ஏணை கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்குவோம். எந்தக் குழந்தை அழுதாலும் கரையில் நிற்கிறவர் தூக்க வேண்டும். யார் பிள்ளை என்று பார்ப்பதில்லை. பிமல் நாற்றுமுடி எடுக்கக் கரையேறினான். செல்வி வீறிட்டாள். எங்களைப் பார்த்துப் பழகியவன், நாங்கள் செய்வதையே செய்தான். தூக்கினான். வரப்பைச் சுற்றி என்னிடம் கொண்டுவந்தான்.

ரோட்டிலிருந்து யாரோ போனில் படம் பிடித்தார்கள். அழும் குழந்தை. அசலூர் ஆள். அதோடு ஒரு வீடியோ. முகமூடிக்காரன் குழந்தையைச் சாக்கில் திணிக்கிறான். நம்ம ஏரிக்கரையில் நடந்தது என்று எழுதி அனுப்பினார்கள். அது சினிமாத் துண்டு. நானே டிவியில் பார்த்து, அந்த இடத்தில் பயந்து சேனலை மாற்றியிருக்கிறேன்.

கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். கிரிக்கெட் மட்டை. மண்வெட்டிக் காம்பு. எல்லாம் தெரிந்த முகம். முன்னால் முருகன். எனக்கு வலி கண்டபோது ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டியவன்.

"யக்கா, நவுந்துக்கோ. உம் புள்ளைக்காகத்தான் வந்துகினு கீறோம்."

"எம் புள்ள இதோ கீது, தம்பி. அயுதுச்சி. தூக்கினு வந்து எங்கையில குடுத்தான். அந்த வீடியோ சினிமாடா."

"உனக்கு இன்னா மருந்து வெச்சானோ," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். கல்லைக்கூட மறந்துவிடுவேன். அந்தச் சிரிப்பை மாட்டேன்.

கூரை ஷீட்டில் கல். டமார். மறுபடி டமார். ஜன்னல் வழியாக ஒரு செங்கல் உள்ளே போகிறது. பிமல் அலறுகிறான். அவன் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டான். அது எனக்குப் புரிந்தது. நான் நகரவில்லை. அடுத்த கல் என் புருவத்தில். ரத்தம் செல்வியின் தலைமேல் சொட்டுகிறது.

யாரைக் காப்பாற்ற வந்தார்களோ, அந்தக் குழந்தைமேல்.

அப்போதுதான் நின்றார்கள். அதற்குள் என் நடவுப் பெண்கள் சேற்றுக் காலோடு ஓடிவந்து கதவை மறைத்து நின்றுவிட்டார்கள். முருகன் மட்டையைக் கீழே போட்டான். டொக்.

கதை எழுதுகிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். நான் லைப்ரரியில் எடுத்துப் படித்த போர்க் கதைகளில் கெட்டவன் எங்கிருந்தோ வருகிறான். வேறு பாஷை பேசுகிறான். சினிமாவில் அவன் வரும்போது தனியாக மியூசிக் வேறு. என் கதவுக்கு வந்தவர்களுக்கு மியூசிக் இல்லை. என்னை அக்கா என்றார்கள். என் பாஷையில் சிரித்தார்கள். வேறு பாஷைக்காரன் குழந்தையைத் தூக்கி வந்தான். முடிந்தால் இதைப் படம் எடுங்கள்.

போனவை இவை. செங்கல் பட்ட பிமலின் இடது கண். நட்டு முடிக்காத பாதிக் கழனி. சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிய அவன் கோஷ்டி. செல்வியின் தூக்கம். முருகனைத் தம்பி என்று கூப்பிட்ட என் வாய்.

"இனிமே புள்ளைய வூட்லயே வுட்டுட்டு வா" என்கிறார்கள். மாட்டேன். இந்த நடவுக்கும் அதே மரத்தில்தான் ஏணை கட்டியிருக்கிறேன். என் பிள்ளை அழுதால், கரையில் நிற்கிற கை தூக்கட்டும். எந்த ஊர்க் கையானாலும்.