டில்லிபாபுவுக்கு எடுத்த என்ஜின்

பழைய அம்பாசிடருக்கு வேறு என்ஜின் மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் இழுவையை மட்டும் பார்த்து ஏமாந்துபோகிறார்கள் சார். மேம்பாலம் ஏறும்போது சீறினால் போதும் என்று நினைப்பார்கள். எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்க மாட்டார்கள். திருவொற்றியூரில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு அது தெரியும். இழுக்கவும் வேண்டும், உழைக்கவும் வேண்டும் என்றால் பொறுமையாகத் தேட வேண்டும். என் மகன் டில்லிபாபுவுக்காக அப்படித்தான் தேடினேன்.

அவன் அம்மா ஜெயஸ்ரீ மஞ்சள் காமாலையில் போனபோது அவன் ஆறாவது படித்துக்கொண்டிருந்தான். தலைவாரி விட்டது, சோறாக்கிப் போட்டது எல்லாம் நான்தான். துறைமுகத்தில் அவன் பார்த்த ஒப்பந்த வேலை போனதும் மஸ்கட், மஸ்கட் என்று ஆரம்பித்தான். அதற்காகத்தான் அந்தக் காரையே வாங்கினேன். சொந்தமாக ஒரு டாக்ஸி இருந்தால் பையன் ஊரிலேயே இருந்துவிடுவான் இல்லையா?

காரிலிருந்த பெட்ரோல் என்ஜின் புகை கக்கியது. முதலில் ஒரு வேன் டீசல் என்ஜின் பார்த்தோம். சாகவே சாகாத என்ஜின் அது. டில்லிபாபு காதைப் பொத்திக்கொண்டான்.

"இன்னா நைனா, லாரி கணக்கா கத்துது. சவாரி வர்றவன் எறங்கி ஓடிப்பூடுவான்."

பிறகு புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில் ஒரு ஜப்பான் டீசல் என்ஜின் கிடைத்தது. கூரை தட்டையாகிப் போன ஒரு காரிலிருந்து கழற்றியது. என்ஜினில் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்டார்ட் செய்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"எத்தினி வருசம் தாங்கும் நைனா?"

"நான் பூட்டப்புறமும் ஓடும்டா" என்றேன்.

அதைப் பொருத்திய நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். அவன் கையெல்லாம் கிரீஸ் என்பதால் நானே சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை, வெட்கப்படாமல் வாயைத் திறந்தான். என்ஜின் பலமானால் பிரேக்கும் பலமாக இருக்க வேண்டும். புது பிரேக் பைப் நானே போட்டேன். அது நல்ல வேலை சார், அதில் குறை சொல்ல முடியாது.

வண்டி நன்றாக ஓடியது. அவனும் சந்தோஷமாகத்தான் இருந்தான். ஆனால் விசா வந்துவிட்டது.

"நீ ஓட்டு நைனா. இல்லாங்காட்டி வித்துடு. ரெண்டு வருசந்தான, கண்ண மூடித் தொறக்கசொல்ல வந்துருவேன்."

நான் சண்டை போடவில்லை. பெட்டிகூட வாங்கிக் கொடுத்தேன். போகிறவர்கள் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். வந்தாலும் வேறு ஆளாகத்தான் வருவார்கள். ஒரு கால் உடைந்தால் விசா காலாவதியாகிவிடும், கட்டுப் பிரிக்கும்வரை வீட்டில் இருப்பான், நான் ஊட்டிவிடுவேன். இவ்வளவுதான் நினைத்தேன். ஒரு தகப்பன் நினைக்கக்கூடாத விஷயமா இது?

கிளம்புவதற்கு முன்னால் அத்திப்பட்டில் இருக்கும் அத்தையிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான். அன்று காலை அவன் குளிக்கப் போனபோது நான் வண்டிக்கு அடியில் படுத்து, பிரேக் பைப்பின் நட்டைச் சற்றே தளர்த்தினேன். பிரேக் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். எங்காவது ஒரு சுவரில் இடிப்பான் என்று பார்த்தேன்.

ஏறி உட்கார்ந்து கேட்டான்.

"பிரேக்கு பாத்துட்டியா நைனா?"

"பாத்துட்டேன், போய்ட்டு வா கண்ணு."

பார்த்தேன் என்பது பொய் இல்லை.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. கடைசி லாரியின் பின்னால் மோதினான். நல்ல இழுவை உள்ள என்ஜின், வேகமாகத்தான் போயிருக்கிறது. காலில் அடியே இல்லை. நெஞ்சில்தான்.

அந்த லாரியின் டிரைவர், மண்ணாங்கட்டி என்கிறவன், சடன் பிரேக் போட்டான் என்று நீங்கள் பிடித்து உள்ளே வைத்தீர்கள். நேற்று அவன் மனைவி வேம்பு வியாசர்பாடியிலிருந்து இடுப்பில் குழந்தையோடு என் பட்டறைக்கு வந்தாள்.

"வண்டி நின்னுகினுதான்ணா இருந்துச்சு. அவரு மேல தப்பு இல்லண்ணா."

"தெரியும்மா" என்றேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதனால்தான் வந்தேன். அவனை விட்டுவிடுங்கள். நட்டைத் தளர்த்தியது நான். என் பிள்ளையைக் கொன்றது நான்.

ஆனால் ஒன்று சார். கல்யாணம் ஆகாதவன் என்று அவனைப் புதைத்தார்கள். பட்டறையிலிருந்து நடக்கிற தூரம்தான். சாயந்திரம் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன். மஸ்கட் போயிருந்தால் இப்படித் தினமும் என்னோடு இருந்திருப்பானா, சொல்லுங்கள்.